குதிரையிடம் நடிக்க முடியாது

மனம் நொந்தவர்களுக்குக் குதிரையைத் துணையாக்கும் முறை உலகின் பல நாடுகளில் வேரூன்றிவிட்டது. பழநி மலையில் குதிரையும் இருக்கிறது, குதிரையின் குணம் அறிந்த மனிதரும் இருக்கிறார். இங்கே அதை எப்படிச் செய்யலாம்?

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டத்துக்கு அந்த மலை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே போவதென்றால் கால்நடையாக ஏற வேண்டும், இல்லையென்றால் குதிரை. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்து, பிழைத்துக்கிடக்க ஓரிடம் தேடி மேலே போய் 1845ல் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து செங்குத்தாக ஏறும் பாதை அது. உடம்பில் தெம்பு உள்ளவர்கள் நடந்தார்கள். மற்றவர்கள் மட்டக்குதிரையிலும் டோலியிலும் போனார்கள். 1863ல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கிய மதுரை கலெக்டர் லெவிஞ்ச் காலத்திலும் அதே கதைதான். வத்தலக்குண்டு வழியாக லாஸ் காட் சாலையில் மோட்டார் வண்டி ஏறியதெல்லாம் இருபதாம் நூற்றாண்டில். அதுவரை உடல்நலம் தேடி வந்தவர்களைச் சுமந்து ஏறிய விலங்குகளில் முதன்மையானது குதிரை.

சாலை வந்த பிறகும் குதிரை மலையை விட்டுப் போய்விடவில்லை. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஓடும் 5 கிலோமீட்டர் பாதையில் சவாரிக் குதிரைகள் நிற்கின்றன. அவற்றில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளாத தமிழ்க் குடும்பம் குறைவு. சுற்றுலாப் பயணி பார்க்காத குதிரைகளும் இருக்கின்றன. வெள்ளகவி போல மோட்டார் சாலை எட்டாத ஊர்களுக்கு அரிசியும் உப்பும் மேலே போவதும், காப்பியும் பழமும் கீழே வருவதும் பொதிக்குதிரையின் முதுகில்தான். திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலையில் எலுமிச்சையும் மலைவாழையும் தோட்டத்திலிருந்து சாலைக்கு வருவது அப்படித்தான். பொங்கல் சமயத்தில் அங்கே குதிரைகளைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, அந்தோணியார் கோயிலுக்கு அழைத்துப்போய் மந்திரித்து வருகிறார்கள். மாட்டுக்குச் செய்யும் மரியாதை குதிரைக்கும் உண்டு.

நகரத்தில் குதிரை என்றால் கிளப், பந்தயம், பணக்கார வீட்டுப் பிள்ளை. இந்த மலைகளில் அது ஏழை வீட்டு உழைப்பாளி. மனநலத்துக்குக் குதிரையைத் துணைகொள்வதைப் பற்றி இங்கே எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம். பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களில் சில சவாரி மையங்கள் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் உடல் இயக்கக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் வகுப்பு நடத்துகின்றன. நல்ல வேலைதான். ஆனால் ஒரு கூலித் தொழிலாளியின் மகளோ, காப்பகத்தில் வளரும் சிறுவனோ, குடியிலிருந்து மீண்டுவரும் ஓட்டுநரோ அந்த வாசலை மிதிப்பது கடினம். குதிரை எளியவர் வீட்டில் நிற்கும் ஊரில், எளியவருக்கு அதன் துணை கிடைக்கச் செய்வது அவ்வளவு கடினமாக இருக்கக் கூடாது.

பெர்லினில் ஒரு கணக்குக் குதிரை

குதிரையால் மனிதனின் மனதுக்கு என்ன செய்ய முடியும்? இதைப் புரிந்துகொள்ள முதலில் குதிரை யார் என்று பார்க்க வேண்டும். அது வேட்டையாடப்படும் விலங்கு. கொம்பு இல்லை, கோரைப்பல்லை வைத்துப் புலியோடு மல்லுக்கட்டவும் முடியாது. ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து ஓடுவதே அதன் முதல் தற்காப்பு. இந்த ஒரு தேவைக்காகவே அதன் உடம்பு அமைந்திருக்கிறது. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் உள்ள சிறிய இடம் தவிர, சுற்றிலும் பார்க்கும். காதுகள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். நின்றபடியே உறங்கும். கூட்டத்தில் ஒரு குதிரை விறைத்தால் மற்றவையும் விறைக்கும். பக்கத்தில் நிற்பவரின் மூச்சு, தோள், நடை ஆகியவற்றில் உள்ள பதற்றம் அதற்குச் செய்தி. நீங்கள் சிரித்துக்கொண்டே நெருங்கினாலும் உள்ளே நடுங்குகிறீர்கள் என்றால் அது உங்கள் சிரிப்பைப் பொருட்படுத்தாது, நடுக்கத்துக்குப் பதில் சொல்லும்.

இதற்கு வரலாற்றில் ஓர் அருமையான சாட்சி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஹான்ஸ் என்ற தன் குதிரைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டதாக நம்பினார். ஐந்தும் மூன்றும் எத்தனை என்று கேட்டால் குளம்பால் எட்டு முறை தரையைத் தட்டும். ஊரே திரண்டு பார்த்தது. 1904ல் நிபுணர் குழு அமைத்துச் சோதித்தார்கள். மோசடி எதுவும் அகப்படவில்லை. பிறகு ஆஸ்கர் ஃபூங்ஸ்ட் என்ற உளவியலாளர் விடாமல் ஆராய்ந்து 1907ல் உண்மையைக் கண்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரைக் குதிரையின் பார்வையிலிருந்து மறைத்தாலும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை மயிரிழை அளவு நிமிர்கிறது, உடம்பின் இறுக்கம் தளர்கிறது. அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது. குட்டு வெளிப்பட்ட கதையாகவே இது பல காலம் சொல்லப்பட்டது. என் கண்ணுக்கு இது ஒரு பெரிய திறமை வெளிப்பட்ட கதை. சுற்றிலும் பேராசிரியர்கள் நின்றும் எவருக்கும் தெரியாத ஓர் அசைவை, அசைத்தவருக்கே தெரியாத அசைவை, குதிரை கண்டது.

அண்மைக் காலத்தில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். 2016ல் வெளியான ஆய்வில், முன்பின் தெரியாத மனிதரின் கோபமுகப் படத்தையும் மகிழ்ச்சியான முகத்தின் படத்தையும் 28 குதிரைகளுக்குக் காட்டினார்கள். கோபமுகத்தைக் கண்டபோது இதயத் துடிப்பு வேகமாக ஏறியது. படத்தை இடது கண்ணால் பார்க்கும் போக்கும் தெரிந்தது. அச்சமூட்டுவதை இடது கண்ணால் நோக்குவது பல விலங்குகளின் இயல்பு. 2018ல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். காலையில் படத்தில் கோபமாகத் தெரிந்தவர் சில மணி நேரம் கழித்து எந்த உணர்ச்சியும் காட்டாமல் நேரில் வந்து நின்றபோதும், குதிரை அவரை எச்சரிக்கையோடு பார்த்தது.

வத்தலக்குண்டோடு உறவுள்ள எழுத்தாளர் சி.சு.செல்லப்பா ஜல்லிக்கட்டை வைத்து 'வாடிவாசல்' எழுதினார். மாட்டுக்கும் மனிதனுக்கும் இடையே வாய்ப்பேச்சு இல்லாமல் என்னவெல்லாம் நடக்கும் என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய சங்கதி இல்லை. குதிரை விஷயத்திலும் அப்படித்தான். குதிரைக்காரரின் மகன் நடக்கப் பழகும் வயதிலேயே, காது பின்னால் படுத்தால் ஒதுங்க வேண்டும், கீழுதடு தொங்கினால் அது நிம்மதியாக இருக்கிறது, லத்தி சரியில்லை என்றால் வயிற்றில் கோளாறு என்று கற்றுக்கொண்டுவிடுகிறான்.

ஏறாமலே நடக்கும் வேலை

குதிரைத் துணை என்றதும் பலர் சவாரியைத்தான் நினைப்பார்கள். அதற்கும் ஒரு பின்னணி உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் குதிரையேற்ற வீராங்கனை. 1944ல், வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே உணர்வு திரும்பவேயில்லை. குதிரை மேல் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும் என்ற நிலையில், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஜூபிலி என்ற தன் குதிரையோடு ஆண்களுக்கு நிகராகப் போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். 1956லும் வெள்ளி. அவரைப் பார்த்துத்தான் ஐரோப்பாவில் மருத்துவர்களும் சவாரிப் பயிற்சியாளர்களும் இதில் இறங்கினார்கள். 1969ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான சவாரி அமைப்புகள் பிறந்தன. நடக்கும் குதிரையின் முதுகு, மேல் அமர்ந்திருப்பவரின் இடுப்பை மனிதன் நடக்கும்போது அசைவதைப் போலவே அசைக்கிறது. தானாக நடக்க முடியாத பிள்ளையின் உடம்புக்கு நடை எப்படியிருக்கும் என்ற அனுபவம் அங்கே கிடைக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு இயன்முறை மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துவது அதனால்தான்.

மனநலத்துக்கான வேலை வேறு வழியில் போனது. 1999ல் அமெரிக்காவில் தொடங்கிய ஈகாலா என்ற அமைப்பின் முறையில் யாரும் குதிரை மேல் ஏறுவதே இல்லை. எல்லாம் தரையில்தான். வேலியடைத்த திடலில் குதிரை கயிறில்லாமல் இருக்கும். உடன் இரண்டு பேர்: ஒருவர் மனநல வல்லுநர், இன்னொருவர் குதிரையை அறிந்தவர். இரண்டு பேரும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது அவர்களின் விதி. வந்தவரிடம் மிக எளிய ஒரு வேலையைக் கொடுப்பார்கள். அந்தக் குதிரையை நெருங்கிப் போங்கள். கயிற்றைத் தொய்வாகப் பிடித்துத் திடலின் மறுமுனைக்கு அழைத்துப்போங்கள். பிடரியைத் தேய்த்துவிடுங்கள்.

எளிய வேலை என்று சொன்னாலும் அதில்தான் எல்லாம் இருக்கிறது. விருட்டென்று நேரே போனால் குதிரை நகர்ந்துவிடும். கயிற்றை இழுத்தால் நானூறு கிலோ உடம்பு முரண்டு பிடித்து நிற்கும். யாராலும் அதை இழுத்துவிட முடியாது. வீட்டில் குரலை உயர்த்தியே காரியம் சாதித்துப் பழகிய மனிதர் முதல்முறையாக அந்த வழி செல்லாத ஓர் உயிருக்கு முன்னால் நிற்கிறார். எதற்கும் வாய் திறக்காத பெண், தான் ஓரடி பின்வாங்கினால் குதிரையும் நின்றுவிடுவதையும், நிமிர்ந்து மூச்சை விட்டு நடந்தால் அது கூடவே வருவதையும் பார்க்கிறார். தன்னால் ஒன்றை நடத்திச் செல்ல முடியும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, கையில் கயிறாக உணர்கிறார். அன்றைய வேலை முடிந்ததும் வல்லுநர் கேட்பார்: குதிரை நின்றபோது உங்களுக்கு என்ன ஆயிற்று? குதிரையைப் பற்றித் தொடங்கும் பேச்சு மெல்ல வீட்டைப் பற்றிய பேச்சாக மாறும்.

வன்முறைக்கு ஆளான பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குத் தொடுதல் என்றாலே பயம். ஆலோசகரின் அறையில் நாற்காலியில் உட்காரவைத்து நடந்ததைச் சொல்லச் சொன்னால் தொண்டை அடைக்கும். போலீஸிடம் சொல்லி, டாக்டரிடம் சொல்லி, கோர்ட்டில் சொல்லி ஓய்ந்த பிள்ளைகள் அவர்கள். குதிரை எதையும் கேட்பதில்லை. குதிரையிடம் எப்படிப் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும்போது முதல் பாடமே அனுமதி: பக்கவாட்டில் தோளை நோக்கிப் போ, புறங்கையை நீட்டு, அது முகர்ந்து பார்க்கட்டும், தலையைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடு, பிறகு வா. வேண்டாம் என்று ஓர் உயிர் சொன்னால் மற்றவர் நிற்க வேண்டும் என்ற விதியை அந்தப் பிள்ளை இங்கே மறுபக்கத்திலிருந்து கற்கிறது. தன்னுடைய 'வேண்டாம்' செல்லாமல் போன பிள்ளைக்கு, குதிரையின் 'வேண்டாம்' செல்லுபடியாவதைப் பார்ப்பது பெரிய விஷயம்.

எவ்வளவு நம்பலாம்?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. நம் ஊரில் அதிசயச் சிகிச்சைக்குப் பஞ்சமில்லை. ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறோம் என்று காசு பிடுங்குகிறவர்களிடம் பெற்றோர் பட்டது போதும்.

2015ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு ஆட்டிசம் உள்ள 6 முதல் 16 வயதுவரையான 127 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு 10 வாரம் சவாரி. இன்னொரு குழுவுக்குக் குதிரையைத் தொடாமல் குதிரை பற்றிய பாடம். சவாரி செய்த பிள்ளைகளிடம் எரிச்சலும் நிலைகொள்ளாமையும் கூடுதலாகக் குறைந்தன, பேச்சில் சொற்கள் கூடின. கொலம்பியா பல்கலைக்கழகம் போரில் மனம் பாதிக்கப்பட்ட 63 முன்னாள் படைவீரர்களுக்கு வாரம் ஒருமுறையாக 8 வாரம் தரைமுறை வேலையைச் செய்வித்தது. 2021ல் வந்த முடிவில் பாதிப் பேருக்கு மேல் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க மறுகுழு இல்லை. 2014ல் அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை வந்த 14 ஆய்வுகளை அலசி, எல்லாவற்றிலும் முறைப் பிழைகள் உண்டு, இவற்றை நம்பி இதை மனநோய்க்குச் சிகிச்சை என்று விற்பது தவறு என்றே எழுதினார்கள்.

அவர்கள் சொன்னதை நான் ஏற்கிறேன். குதிரை மனச்சிதைவைக் குணப்படுத்தாது. தற்கொலை எண்ணத்தில் இருப்பவரைக் குதிரையிடம் அழைத்துப்போவது முதல் வேலை இல்லை. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழைப்பதும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும்தான் முதல் வேலை. குதிரை செய்வது வேறு. மருந்தும் ஆலோசனையும் உள்ளே நுழைய ஒரு வாசலைத் திறக்கிறது. காலையில் படுக்கையைவிட்டு எழ ஒரு காரணம் கொடுக்கிறது. 'உன்னை நம்பி ஓர் உயிர் தண்ணீருக்குக் காத்திருக்கிறது' என்ற எண்ணம், தன்னை எதற்கும் உதவாதவராக நினைத்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் செய்யும் மாற்றம் சிறியதில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெரிய பாடம் ஏற்கெனவே இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். குணமாகும் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். அதன்பின் மனநலக் காப்பகங்கள் மீது கண்காணிப்பு வந்தது, 2017ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. சங்கிலியில் கட்டுவதை அது தடை செய்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையையும் மருத்துவத்தையும் எதிரெதிராக நிறுத்தாமல் 'தவா–துவா' என்று மருந்தையும் துவாவையும் இணைத்தார்கள். மக்கள் எதை நம்பி வருகிறார்களோ அதன் பக்கத்திலேயே டாக்டரை உட்காரவைத்த அந்த யோசனை என்னை மிகவும் ஈர்க்கிறது. குதிரை வேலையும் இப்படித்தான் நடக்க வேண்டும், மனநல மருத்துவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு. மதுரையில் 1992ல் தொடங்கிய எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை போன்று மறுவாழ்வில் நீண்ட அனுபவம் உள்ள நிறுவனங்கள் வத்தலக்குண்டிலிருந்து எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன.

நம்பிக்கை என்றதும் அய்யனார் கோயில்களைச் சொல்ல வேண்டும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமையில் பிள்ளைக்கு நோய் தீர, வீட்டில் பயம் தெளிய வேண்டிக்கொண்டு மண்குதிரை செய்துவைக்கிறார்கள். வேளார் வீட்டில் சுட்ட குதிரையைப் புரவி எடுப்பு நாளில் ஊரே தோளில் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோகும். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் நிற்கும் குதிரைச் சிலை 33 அடி உயரம். மாசிமகத்துக்கு அதை மூடும் அளவுக்குக் காகித மாலைகள் விழுகின்றன. இரவில் காவல் தெய்வம் அந்தக் குதிரையேறி எல்லையைச் சுற்றிவரும், கெட்டது அண்டாது என்பது நம்பிக்கை. அழகர் வைகையில் இறங்குவதும் தங்கக் குதிரையில்தான். பயந்த மனதுக்குக் குதிரை காவல் என்ற எண்ணம் இந்த மண்ணில் பாட்டிகள் சொல்லி வளர்ந்தது. ஒரு தாயிடம் போய் உங்கள் பிள்ளையைக் குதிரையோடு கொஞ்ச நேரம் இருக்கவிடுங்கள் என்றால் அவர் அதை வெள்ளைக்காரர் கண்டுபிடிப்பாகப் பார்க்க மாட்டார்.

நொந்த குதிரை யாரைத் தேற்றும்?

இப்போது கசப்பான பகுதி. கோடை சீசனில் மலைவாசத் தலங்களில் நாள் முழுக்கச் சவாரிக்கு நடக்கும் குதிரைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சேணம் உராய்ந்த புண், தேய்ந்த லாடம், எதைக் கண்டும் அசையாத பார்வை. அந்த அசையாமையைச் சாதுத்தனம் என்று நினைக்கிறோம். பல சமயம் அது சோர்ந்துபோய் எல்லாவற்றையும் விட்டுவிட்ட நிலை. அப்படிப்பட்ட குதிரையை, உள்ளுக்குள் அதே நிலையில் இருக்கும் மனிதரின் முன்னால் நிறுத்தி அவரைத் தேற்றச் சொல்வது இரண்டு உயிருக்கும் செய்யும் அநியாயம். பதில் சொல்லும் குதிரைதான் இந்த வேலைக்கு உதவும். மிரளவும், விலகவும், விருப்பமிருந்தால் நெருங்கவும் உயிர்ப்புள்ள குதிரை.

சட்டம் இருக்கிறது. 1960ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965ல் வந்த விதிகள், பொதி சுமக்கும், வண்டி இழுக்கும் விலங்குகளை ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை கூடாது என்கின்றன. மட்டக்குதிரைக்குப் பொதி 70 கிலோ. மலைப்பாதையில் இதை யார் எடைபோட்டுப் பார்க்கிறார்கள்?

குதிரைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கொள்ளும் தவிடும் புல்லும் லாடமும் வைத்தியமும் சேர்ந்தால் ஒரு குதிரையின் செலவு ஒரு குடும்பத்தின் செலவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். வருமானமோ ஏப்ரல், மே மாதங்களில் கொட்டும், ஐப்பசி மழையில் நின்றுபோகும். 2020 ஊரடங்கில் சுற்றுலா அடியோடு நின்றபோது மலைவாசத் தலங்களில் குதிரையும் பட்டினி, குதிரைக்காரரும் பட்டினி. வயதான குதிரையைக் கட்டிவைத்துத் தீனிபோட முடியாமல் தெருவில் விடுகிறார்கள். நீலகிரியில் அப்படிக் குப்பை மேய்ந்து அடிபட்ட மட்டக்குதிரைகளை மசினகுடி அருகே மாவனல்லாவில் ஐபான் என்ற விலங்கு நல அமைப்பின் புகலிடம் எடுத்துப் பராமரிக்கிறது. நாட்டளவில் பார்த்தால் 2012க்கும் 2019க்கும் இடையில் குதிரைகளின் எண்ணிக்கை சுமார் 6.25 லட்சத்திலிருந்து 3.4 லட்சமாகச் சரிந்துவிட்டது. ஏழே ஆண்டில் ஏறக்குறையப் பாதி. குதிரை குறைந்தால் குதிரையைத் தெரிந்த மனிதரும் குறைகிறார். லாடம் அடிப்பவரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டிய காலம் வந்துகொண்டிருக்கிறது.

குதிரைக்காரர் வீட்டுத் துயரத்தையும் மனம் நொந்தவரின் துயரத்தையும் ஒரே முயற்சியில் கொஞ்சம் தணிக்க முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது. சவாரி ஓய்ந்த மாதங்களில் குதிரைக்கு இதமான வேலை, குதிரைக்காரருக்கு மாதக் கூலி. சமவெளியில் கிடந்து தவிக்கும் மனிதர்களுக்கு வாரம் ஒரு காலைப்பொழுது. பொதி சுமந்து முதிர்ந்த, பத்துப் பன்னிரண்டு வயது தாண்டிய, அடிபடாமல் வளர்ந்த குதிரைகள்தான் இதற்குப் பொருத்தம். அந்த வயதில்தான் அவற்றின் சந்தை மதிப்பும் இறங்கத் தொடங்குகிறது.

எதற்கும் அவசரப்படக் கூடாது. குதிரை உதைத்தால் எலும்பு நொறுங்கும். தலைக்கவசமும், வேலியும், தடுப்பூசியும் பேச்சுக்கிடமில்லாத தேவை. க்ளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும், உயிரையே பறிக்கும். அந்த நோய் இருப்பது உறுதிசெய்யப்பட்ட குதிரையைக் கருணைக்கொலை செய்யத்தான் சட்டம் சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு குதிரைக்கும் ரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும். கால்நடை மருத்துவர் மாதம் ஒருமுறை வந்து பார்த்து, இந்தக் குதிரைக்கு ஓய்வு என்று சொன்னால் அவர் சொல்தான் கடைசி. மனநல ஆலோசகர் குதிரைக்காரரிடம் ஆறு மாதமாவது பாடம் படிக்க வேண்டும். குதிரைக்காரர் ஆலோசகரிடம் ரகசியம் காக்கப் படிக்க வேண்டும்: இங்கே அழுதவரைப் பற்றி டீக்கடையில் பேசக் கூடாது. கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது, நன்கொடையாளருக்குக் காட்டவும் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில் நம் தொண்டு நிறுவனங்கள் பல தவறிவிடுகின்றன.

வத்தலக்குண்டு சமவெளியின் வெயில் குதிரைக்கு ஆகாது. காட் ரோட்டில் கொஞ்சம் ஏறி, பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்ட நிழலில் ஒரு சமதரை கிடைத்தால் போதும். பஸ் போகிற வழியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏழைகள் வர முடியாது. ஒரு குதிரைக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம். குதிரைக்காரருக்கு ஏரியில் சவாரிக்குக் கிடைக்கும் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், அதுவும் குதிரை ஓய்வெடுக்கும் நாளுக்கும் சேர்த்து. முதலில் வர வேண்டியவர்கள் வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கத்துச் சிறப்புப் பிள்ளைகளும் அவர்களைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும் அம்மாக்களும். பிள்ளை ஒரு குதிரையோடு இருக்கும் நேரத்தில் அந்த அம்மாவை ஓரத்து பெஞ்சில் காத்திருக்கவைக்கக் கூடாது. அவருக்கும் ஒரு குதிரை ஒதுக்க வேண்டும்.